விடுதியில் முதல் காய்ச்சல்: ஒரு வளாகம் எதற்கெல்லாம் தயாராக இருக்க வேண்டும்?

கார்த்திகை மாதத்து இரவு ஒன்று. வெளியே மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. அப்போது நான் ஒரு பெண்கள் விடுதியில் உப காப்பாளராக இருந்தேன். இரண்டாம் மாடியில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அறைத் தோழி வந்து சொன்னாள். போய்ப் பார்த்தால் போர்வைக்குள் சுருண்டு நடுங்கிக்கொண்டு கிடந்தாள். நெற்றி கொதித்தது. "நாளைக்கு எங்கேயும் போகாமல் படம்மா" என்றேன். "ஏலாது மிஸ். நாளைக்கு லேப் இருக்கு. போகாட்டி எனக்கு எண்பது வீதம் வராது. ரெண்டு பனடோல் போட்டிட்டுப் போயிருவன்" என்றாள். சொன்னபடியே போனாள். அந்தக் கிழமை முடிவதற்குள் அந்த மாடியில் பாதிப் பேர் படுத்துவிட்டார்கள்.

அந்தப் பிள்ளையில் குற்றம் காண எனக்கு இன்றைக்கும் மனம் வராது. பல பாடநெறிகளில் வரவு 80 வீதத்துக்குக் குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். அவள் தன் கணக்கைச் சரியாகத்தான் போட்டிருந்தாள். கணக்கை அப்படிப் போட வைத்தது நாங்கள்.

ஒரு வளாகத்தை இன்புளுவென்சாக் காய்ச்சல் பரவலுக்குத் தயார்ப்படுத்துவது என்றால் பெரும்பாலானோருக்கு நினைவுக்கு வருவது முகக்கவசமும் கை கழுவும் தண்ணீர்க் குழாயும் சுவரொட்டியும்தான். அவையும் வேண்டும். ஆனால் எனக்கு விளங்கிய அளவில், எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: காய்ச்சல் வந்த மாணவர் பயமில்லாமல் நாலைந்து நாள் படுத்திருக்க ஒரு வழி. அந்த வழி எப்படி அமைகிறது என்பதைக் கிழக்கிலங்கையில் வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ சம்மாந்துறையிலோ கல்லடியிலோ படிக்கிற ஒருவருக்கும், அங்கே பிள்ளையை விட்டிருக்கிற ஒரு தாய் தகப்பனுக்கும் விளங்கும்படி சொல்லப் பார்க்கிறேன்.

இன்புளுவென்சா என்பது எது?

எங்கள் பக்கத்தில் தடிமன், இருமல், காய்ச்சல் எது வந்தாலும் "வைரஸ் காய்ச்சல்" என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். இன்புளுவென்சா அதற்குள் தனியான ஒன்று. மனிதரில் பெருமளவு பரவுபவை அதன் ஏ, பி என்ற இரண்டு வகைகள். சாதாரணத் தடிமன் மெதுவாக வரும்: முதலில் மூக்கு அரிக்கும், தும்மல் வரும், தொண்டை கரகரக்கும். இன்புளுவென்சா அப்படி வருவதில்லை. காலையில் விரிவுரையில் இருந்தவர் பின்னேரம் படுக்கையை விட்டு எழும்ப முடியாமல் கிடப்பார். கடும் காய்ச்சல், தலையிடி, உடம்பு முழுக்க உளைவு, வறட்டு இருமல், கையைத் தூக்கக்கூட ஏலாத களைப்பு. காய்ச்சல் மூன்று நான்கு நாளில் இறங்கும். இருமலும் களைப்பும் இரண்டு கிழமை வரை இழுக்கலாம்.

இரண்டு விஷயங்களை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். கிருமி உடலுக்குள் போய் நோய் வெளித்தெரிய 1 முதல் 4 நாள் ஆகும், பெரும்பாலும் 2 நாள். இது ஒன்று. நோயாளி பிறருக்குக் கிருமியைக் கொடுப்பது, அறிகுறி தெரிய ஒரு நாள் முன்பே தொடங்கி, படுத்த பின் 5 முதல் 7 நாள் வரை நீடிக்கும். இது மற்றது. அதிலும் முதல் மூன்று நான்கு நாளில்தான் கொடுப்பது அதிகம்.

ஆக, தனக்கு நோய் இருப்பது தெரியாமலே ஒருவர் ஒரு நாள் பரப்புகிறார். அதை யாரும் தடுக்க முடியாது. அடுத்து வரும் நாட்களில் அவர் எங்கே இருக்கிறார் என்பது மட்டும்தான் எங்கள் கையில் இருக்கிறது.

பரவும் வழிகளும் சிக்கலானவை இல்லை. இருமும்போதும் தும்மும்போதும் சத்தமாகப் பேசும்போதும் பறக்கும் துளிகள், காற்றோட்டமில்லாத அறையில் மிதந்து நிற்கும் மிக நுண்ணிய துளிகள், பிறகு கை. கதவுப் பிடி, தண்ணீர்க் குழாய், கைப்பேசி போன்ற வழுவழுப்பான பொருட்களில் கிருமி ஒரு நாள், சில வேளை இரண்டு நாள் வரை இருக்கும். தொட்ட கை மூக்குக்கோ கண்ணுக்கோ போனால் சரி, அது உள்ளே போய்விடும்.

இலங்கையில் இன்புளுவென்சா வருடத்தில் இரண்டு தடவை தலைதூக்குவது வழக்கம். வருட நடுப்பகுதியில் ஒன்று, வருடக் கடைசியில் தொடங்கித் தை வரை போவது மற்றது. இந்த இரண்டாவது எங்கள் மாரியோடு சேர்ந்து வருகிறது. வாடைக் காற்றும் தூவானமும் உள்ளே வருகிறது என்று யன்னலெல்லாம் அடைபட்டிருக்கும். உலராத உடுப்பு கயிறு கட்டி அறைக்குள்ளேயே தொங்கும். எல்லாரும் உள்ளேயே இருப்பார்கள். கிருமிக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

வளாகம் ஏன் இவ்வளவு எளிதில் அகப்படுகிறது?

ஒரு வீட்டில் நாலைந்து பேர் இருக்கிறார்கள். விடுதியில் ஒரு மாடிக்கு நாற்பது ஐம்பது பேர், ஒரே வரிசைக் குளியலறை, ஒரே சாப்பாட்டு மேசை. ஒரு தண்ணீர்ப் போத்தல் நாலு வாய்க்குப் போகும். அது அன்பின் அடையாளம், அதை நான் குறை சொல்லவில்லை. விரிவுரை மண்டபத்தில் நெருக்கியடித்து இருக்கிறார்கள். கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு ஏறாவூர், வாழைச்சேனை, களுவாஞ்சிக்குடிப் பக்கமிருந்து தினமும் பஸ்ஸில் வருபவர்கள் இருக்கிறார்கள். தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு அக்கரைப்பற்று, நிந்தவூர், கல்முனையிலிருந்து வருகிறார்கள். போடிங்கில் தங்கியிருப்பவர்கள் வேறு. இரண்டு இடத்திலும் நாட்டின் எல்லாப் பக்கத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள், விடுமுறை முடிந்து ஒரே நாளில் திரும்பி வருகிறார்கள். நாட்டின் எந்த மூலையில் காய்ச்சல் ஓடினாலும் அந்த ஞாயிறு இரவு அது விடுதி வாசலில் பையோடு வந்து இறங்கும்.

இளம் உடம்பு தாங்கும் என்பதும் பாதிதான் உண்மை. பெரும்பாலானோர் ஒரு கிழமையில் எழும்பிவிடுவார்கள். ஆனால் 1918 இல் உலகம் முழுக்கப் பரவிய இன்புளுவென்சா 20 முதல் 40 வயதுக்காரரைத்தான் வழமைக்கு மாறாக அதிகம் கொண்டுபோனது. 2009 இல் எச்1என்1 என்ற இன்புளுவென்சா வந்தபோது உலக சுகாதார நிறுவனம் யூன் 11 ஆம் திகதி அதை உலகப் பெருந்தொற்று என்று அறிவித்தது. அந்த முறையும் முதியவர்களைவிட இளையவர்களுக்கே அதிகம் தொற்றியது. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஓகஸ்ட் கடைசியில் வகுப்பு தொடங்கிச் சில கிழமைக்குள் 2000 பேருக்கு மேற்பட்ட மாணவர்கள் அந்த அறிகுறிகளைச் சொல்லி மருத்துவ உதவி தேடினார்கள். வகுப்பு தொடங்கிய முதல் கிழமைகளில் என்பதைக் கவனியுங்கள். வேறு வேறு ஊர்க் காற்று ஒரே அறையில் கலக்கிற நேரம் அது.

ஒரு சின்னக் கணக்கு

தொற்றுநோய் பற்றிப் பேசும்போது ஒரு எண் அடிக்கடி வரும். ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்குக் கொடுக்கிறார் என்பது அது. பருவகால இன்புளுவென்சாவுக்கு ஏறக்குறைய 1.3 என்றும், 2009 இல் வந்ததற்கு 1.5 அளவில் என்றும் மதிப்பிட்டிருக்கிறார்கள். பார்த்தால் இது பெரிய எண்ணாகத் தெரியாது. தட்டம்மை இதைவிட எத்தனையோ மடங்கு பரவும்.

இப்போது விடுதிக்குள் ஒரே ஒரு நோயாளி, அவர் 1.5 பேருக்குக் கொடுக்கிறார், ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போக 3 நாள் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எட்டுச் சுற்று, அதாவது 24 நாள் கழித்து மொத்தம் ஏறக்குறைய 75 பேர். அதே நோய், அதே விடுதி. காய்ச்சல்காரர் முதல் நாளே படுத்துவிட்டதால் அந்த 1.5 என்பது 1.1 ஆகக் குறைந்தது என்று வைப்போம். அதே 24 நாளில் மொத்தம் 14 பேர்தான். ஒன்றுக்குக் கீழே இறக்கிவிட்டால் தானாகவே அடங்கிப்போகும்.

இது கடதாசிக் கணக்கு. உண்மையில் நோய் இவ்வளவு ஒழுங்காகப் பரவுவதில்லை. ஆனாலும் விஷயம் இதுதான்: யாரும் பூரணமாக எதையும் செய்யத் தேவையில்லை. பத்துப் பேரில் மூன்று பேர் லேப்புக்குப் போகாமல் படுத்திருந்தாலே 75க்கும் 14க்கும் இடையிலுள்ள தூரத்தில் பெரும்பகுதியைக் கடந்துவிடலாம்.

படுத்திருக்க விடுவது

இனித்தான் நான் நீட்டிச் சொல்ல விரும்புவது. காய்ச்சல் வந்த மாணவரை எழும்பி நடக்க வைப்பவை எவை என்று ஒரு தடவை உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். வரவு வீதம், லேப், தொடர் மதிப்பீட்டுப் பரீட்சை, குழு வேலையில் மற்றவர்கள் கோபிப்பார்களோ என்ற பயம், சாப்பாடு, "மெடிக்கல்" எடுப்பது. கிருமி சம்பந்தமாக இதில் ஒன்றுகூட இல்லை. எல்லாமே நிர்வாகம் தீர்க்கக்கூடியவை.

முதலில் அந்த மெடிக்கலைப் பார்ப்போம். ஒரு நாள் வராவிட்டாலும் வைத்தியச் சான்றிதழ் கேட்பது எங்கள் பழக்கம். அதனால் 102 பாகைக் காய்ச்சலோடு ஒரு பிள்ளை ஓட்டோ பிடித்தோ பஸ் ஏறியோ போய், வெளிநோயாளர் பிரிவில் வயதான ஐயாமாருக்கும் கைக்குழந்தைக்காரிகளுக்கும் நடுவில் இரண்டு மணித்தியாலம் இருமிக்கொண்டு இருக்க வேண்டும். ஒரு துண்டுக் கடதாசிக்காக நோய் ஊருக்குள் போகிறது. அங்கே வைத்தியருக்கும் உண்மையாக வருத்தமானவரைப் பார்க்க நேரம் கிடைக்காது. 2009 இல் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் உயர்கல்வி நிறுவனங்களுக்கு எழுதிய வழிகாட்டலில், இந்தக் காய்ச்சலுக்கு வைத்தியச் சான்றிதழ் கேட்க வேண்டாம் என்றே சொன்னது.

இங்கே எப்படிச் செய்யலாம்? பல்கலைக்கழக வைத்திய அதிகாரி பரவல் தொடங்கிவிட்டது என்று சொல்லும் நாளிலிருந்து, அது முடிந்தது என்று சொல்லும் நாள் வரை, மாணவர் தானே நிரப்பிக் கொடுக்கும் ஒரு பக்கப் படிவம் போதும் என்று பேரவை முன்கூட்டியே ஒரு விதி எழுதி வைக்கலாம். பெயர், பதிவிலக்கம், அறை, காய்ச்சல் தொடங்கிய நாள். ஐந்து நாளுக்கு அது செல்லும். அந்த ஐந்து நாளும் வரவுக் கணக்கில் கழிக்கப்படாது. விட்ட லேப்புக்குக் கடைசிக் கிழமையில் ஒரு மாற்று நாள் இருக்கும். விரிவுரையின் ஒலிப்பதிவோ குறிப்போ இணையத்தில் ஏறும். 2020 இல் வளாகங்கள் மூடப்பட்டபோது ஸூமில் படிப்பிக்கவும் படிக்கவும் எல்லாரும் பழகிவிட்டோம். அந்தப் பழக்கத்தை முழுதாகக் கைவிடத் தேவையில்லை.

"பொய் சொல்லிப் படுக்க மாட்டார்களா?" என்று விரிவுரையாளர்கள் கேட்பார்கள். சிலர் படுப்பார்கள்தான். நூறு பேரில் ஐந்து பேர் இரண்டு விரிவுரையைத் தட்டிக் கழிப்பார்கள். இந்தப் பக்கம், உண்மையான காய்ச்சல்காரர் ஒருவர் மண்டபத்துக்குள் வந்து இருந்தால் என்ன நடக்கும் என்று மேலே கணக்குப் பார்த்தோம். இரண்டையும் தராசில் வைத்தால் எனக்குச் சந்தேகமே இல்லை.

எத்தனை நாள் படுத்திருக்க வேண்டும்? இதற்கு எளிய விதி ஒன்று உண்டு: பனடோல் போடாமலே காய்ச்சல் இல்லாமல் முழுதாக 24 மணித்தியாலம் போக வேண்டும். "பனடோல் போடாமலே" என்ற சொல்லில் அழுத்தம் வையுங்கள். மாத்திரை சூட்டைக் குறைக்கும், கிருமி பரவுவதை நிறுத்தாது. லேப்புக்குப் போன அந்தப் பிள்ளையின் நெற்றி அன்று காலையில் குளிர்ந்துதான் இருந்திருக்கும்.

மாணவரோடு பேச்சை முடித்துவிட்டால் பாதி வேலைதான் ஆகும். கன்டீனில் நாட்சம்பளத்துக்கு நிற்கும் தம்பிக்கும், விடுதி துப்புரவு செய்யும் அக்காவுக்கும், வாயிலில் நிற்கும் காவலாளி அண்ணனுக்கும் ஒரு நாள் வராவிட்டால் ஒரு நாள் சம்பளம் போகும். காய்ச்சலோடு வந்து நிற்பதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை. இருமிக்கொண்டே நானூறு பேருக்குச் சோற்றுப் பார்சல் கட்டுவார்கள். ஒப்பந்தகாரரோடு கையெழுத்திடும்போதே, வருடத்துக்கு இத்தனை நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் அதற்கு ஆகும் காசு அதிகமில்லை. தயார்நிலைத் திட்டங்களில் இந்த வரிதான் முதலில் விடுபட்டுப் போகிறது.

எங்கே படுப்பது, யார் பார்ப்பது

எட்டுப் பேர் அறையில் ஒருவர் படுத்தால் மற்ற ஏழு பேர் எங்கே போவார்கள்? ஒவ்வொரு விடுதியிலும் ஓர் அறையையோ இரண்டு அறையையோ காய்ச்சலுக்கென்று முன்பே ஒதுக்க வேண்டும். ஒரு மாடியின் தொங்கல் நல்லது, தனிக் குளியலறை இருந்தால் இன்னும் நல்லது. யன்னல் இரண்டு பக்கமும் திறக்க வேண்டும். இங்கே ஒரு சிக்கல் வரும். மாரியில் யன்னலைத் திறந்தால் நுளம்பு வரும், நுளம்போடு டெங்கு வரும். ஆகவே யன்னல் வலையும் கட்டிலுக்கு நுளம்பு வலையும் அந்த அறைக்குக் கட்டாயம். கட்டில்களுக்கு இடையில் ஒரு மீற்றராவது விட்டு, ஒருவர் தலைமாட்டுக்கு நேரே அடுத்தவர் கால்மாடு வரும்படி போட்டால் இருமல் முகத்துக்கு நேரே போகாது. ஊர் கிட்டவாக, சொந்த வாகனத்தில் கூட்டிப்போக ஆள் இருப்பவர்கள் வீட்டுக்குப் போய்விடலாம். பஸ்ஸிலும் ரயிலிலும் போக வேண்டியவர்கள் போகக்கூடாது.

துணை என்பது ஒரு நல்ல ஏற்பாடு. 2009 வழிகாட்டலில் இதுவும் இருந்தது: நோய் வருமுன்பே மாணவர்கள் இரண்டு இரண்டு பேராகச் சோடி சேர்ந்துகொள்வது. ஒருவர் படுத்தால் மற்றவர் சாப்பாடு, தண்ணீர், குறிப்பு கொண்டுபோய்க் கொடுப்பார், காலையும் மாலையும் எப்படி இருக்கிறது என்று கேட்பார். எங்கள் ஊரில் துணைக்கு ஆள் கிடைப்பதில் குறைவே இல்லை. கூடிப்போவதுதான் பிரச்சினை. ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் பட்ச் முழுவதும் பார்க்க வந்துவிடும், கட்டிலைச் சுற்றி இருந்து கதைக்கும். அந்தப் பாசத்துக்கு நான் தலைவணங்குகிறேன், ஆனாலும் ஒருவர் மட்டும் போங்கள். அவர் முகக்கவசம் போட்டுக்கொண்டு போகட்டும், வந்ததும் சவர்க்காரம் போட்டு இருபது வினாடி கை கழுவட்டும். மற்றவர்கள் வாட்ஸப்பில் குரல் அனுப்புங்கள். படுத்திருப்பவருக்கு அது பெரிய ஆறுதல். ஆஸ்துமாவோ இதய வருத்தமோ உள்ளவர் துணையாகப் போகக்கூடாது, கர்ப்பிணியும் போகக்கூடாது.

சாப்பாட்டுக்கும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 200 பேர் விடுதியில் ஐந்தில் ஒருவர் படுத்தால் 40 பேர். ஆளுக்கு ஐந்து நாள், நாளுக்கு மூன்று வேளை. மொத்தம் 600 பார்சல். யார் கட்டுவது, யார் மாடிக்குக் கொண்டுபோவது, காசில்லாத பிள்ளைக்கு யார் கொடுப்பது? இதை ஆவணியிலேயே கன்டீன்காரரோடு பேசி வைத்தால் ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். பரவல் நடக்கிற நாளில் பேசினால் அன்றைக்குப் பிள்ளைகள் பட்டினி கிடப்பார்கள். சோறு இறங்காதவருக்குக் கஞ்சி, சொதியோடு இடியப்பம், ஜீவனி, இளநீர், கொத்தமல்லித் தண்ணி எல்லாம் நல்லது. நோன்பு மாதத்தில் பகலில் கன்டீன் பூட்டியிருக்கும். நோயாளிக்கு நோன்பை விட்டுப் பிறகு பிடிக்க மார்க்கத்தில் இடமிருக்கிறது, ஆனால் சமையலறை பூட்டியிருந்தால் அந்தச் சலுகையால் அவருக்கு என்ன பயன்? அந்த மாதத்துக்குத் தனியாக ஒரு ஏற்பாடு வேண்டும்.

இது டெங்குவாக இருந்தால்?

மேலை நாட்டு வளாகங்களுக்கு எழுதிய திட்டத்தை அப்படியே இங்கே கொண்டுவந்து வைக்க முடியாததற்கு இதுதான் பெரிய காரணம். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் மாரிக் காய்ச்சல் என்றால் டெங்குவையும் நினைத்துத்தான் ஆக வேண்டும். 2017 இல் நாடு முழுவதும் 186,101 பேர் டெங்கு நோயாளராகப் பதிவானார்கள். அந்த அளவு இல்லாத வருடங்களிலும் இங்கே மழையோடு அது கூடுகிறது. வயலில் இறங்கும் விவசாய பீட மாணவர், வெள்ளத்தில் நடந்தவர் என்றால் எலிக்காய்ச்சலும் கணக்கில் வரும்.

இருமலும் தொண்டை நோவும் சேர்ந்திருந்தால் இன்புளுவென்சா பக்கம் சாயலாம். கண்ணுக்குப் பின்னால் குத்து, இருமலே இல்லாத கடும் காய்ச்சல், உடலில் சிவப்புப் புள்ளி என்றால் டெங்குப் பக்கம். ஆனால் பார்வையால் மட்டும் பிரித்துவிட முடியாது. அதனால் காய்ச்சல் அறையில் எழுதித் தொங்கவிட வேண்டிய விதிகள் உண்டு. காய்ச்சலுக்குப் பரசிற்றமோல், அதாவது பனடோல், மட்டும்தான். வளர்ந்தவருக்கு ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, ஒரு நாளைக்கு எட்டைத் தாண்டக்கூடாது. உடல் நிறை குறைந்தவருக்கும் ஈரல் வருத்தம் உள்ளவருக்கும் வைத்தியர் சொல்லும் அளவு. புரூபன், டிக்ளோபெனாக், அஸ்பிரின் தொடவே கூடாது, டெங்குவாக இருந்தால் அவை இரத்தக் கசிவைக் கூட்டும். இரண்டு நாளுக்கு மேல் காய்ச்சல் நீடித்தால் வைத்தியரைக் கண்டு, முழுக் குருதி எண்ணிக்கைப் பரிசோதனை.

இன்னொன்றையும் விடுதிப் பொறுப்பாளர்கள் மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். இன்புளுவென்சாவில் காய்ச்சல் இறங்கினால் ஆள் தேறுகிறார் என்று அர்த்தம். டெங்குவில் ஆபத்தான கட்டம் தொடங்குவதே காய்ச்சல் இறங்கும்போதுதான். சூடு குறைந்தும் ஆள் சோர்ந்துகொண்டே போனாலோ, வயிறு நோவு, விடாத சத்தி, முரசில் இரத்தம், சிறுநீர் குறைவு என்று எதைக் கண்டாலோ விடியும்வரை காத்திருக்கக்கூடாது. மூச்சு வாங்குவது, நெஞ்சு நோவு, குழப்பமாகப் பேசுவது, உதடு நீலம் பாய்வது, தேறி வந்தவருக்குத் திரும்பவும் காய்ச்சல் அடிப்பது ஆகியவையும் அப்படித்தான். 1990 ஐ அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும். வந்தாறுமூலையிலிருந்து மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்குப் பதினைந்து பதினாறு கிலோமீற்றர். ஒலுவிலுக்கு அக்கரைப்பற்று ஆதார வைத்தியசாலை கிட்ட. மழையில் எந்தப் பாதை வெள்ளத்தில் மூழ்கும், அப்போது எந்தப் பக்கத்தால் சுற்றிப் போவது என்பதை உள்ளூர்ச் சாரதி ஒருவரிடம் கேட்டு முன்பே எழுதி வையுங்கள்.

இன்புளுவென்சாவுக்கு அன்டிபயோட்டிக் வேலை செய்யாது, அது பக்டீரியாவுக்கான மருந்து. போன முறை மிஞ்சிய மாத்திரையை அறைத் தோழருக்குக் கொடுப்பதை விடுங்கள். ஒசெல்டாமிவிர் என்ற வைரஸ் மருந்து உண்டு. அதை வைத்தியர்தான் தீர்மானிப்பார், முதல் 48 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால் பயன் கூட. கர்ப்பிணி, ஆஸ்துமாக்காரர், நீரிழிவுக்காரர் முதல் நாளே வைத்தியரிடம் போக வேண்டியதன் காரணம் அதுதான்.

தடுப்பூசி பற்றியும் கேட்பார்கள். இருக்கிறது. வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் வருடா வருடம் போட வேண்டும், பலன் தெரிய இரண்டு கிழமை எடுக்கும். வைரஸோடு நன்றாகப் பொருந்தும் வருடங்களில் வைத்தியரிடம் போகும் அளவிலான நோயை 40 முதல் 60 வீதம் வரை குறைக்கும். எங்கள் வழக்கமான தேசியத் தடுப்பூசி அட்டவணையில் இது இல்லை, காசு கொடுத்துத்தான் போட வேண்டும். எல்லா மாணவருக்கும் வாங்க முடியாவிட்டாலும் மருத்துவ நிலைய ஊழியருக்கும் நாட்பட்ட வருத்தம் உள்ளவர்களுக்கும் பல்கலைக்கழகம் வாங்கிக் கொடுக்கலாம்.

எண்ணிக்கொண்டிருப்பவர் ஒருவர்

பரவல் தொடங்கியது எப்படித் தெரியும்? எண்ணினால்தான் தெரியும். விடுதிக்கு ஒரு கொப்பி போதும். தினமும் இரவு எட்டு மணிக்கு, இன்று புதிதாகக் காய்ச்சல் எத்தனை பேர் என்று ஒரே ஒரு எண். வழமையாகக் கிழமைக்கு இரண்டு மூன்று பேர் என்றால், ஒரே நாளில் ஆறு பேர் வந்ததும் கண்ணில் குத்தும். அன்றிரவே பல்கலைக்கழக வைத்திய அதிகாரிக்கும், அடுத்த நாள் காலை அந்தப் பிரிவின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கும் சொல்ல வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வருவார். மாதிரி எடுத்துக் கொழும்பு பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்பலாமா என்று அவர்கள் முடிவெடுப்பார்கள். நாட்டின் தேசிய இன்புளுவென்சா மையம் அங்கேதான் இருக்கிறது. கொப்பியில் உள்ள பெயர்கள் அறிவித்தல் பலகைக்குப் போகக்கூடாது. பெயர் வெளியே வந்தால் அடுத்தவர் சொல்லாமல் மறைப்பார், எண்ணிக்கை பொய்யாகிவிடும்.

அறிவித்தல் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒரே நேரத்தில் போக வேண்டும். தமிழில் இன்று, சிங்களத்தில் நாளை மறுநாள் என்று போனால் பாதி விடுதி வதந்தியை நம்பத் தொடங்கிவிடும்.

அப்புறம் எல்லாரும் கேட்கும் கேள்வி: வளாகத்தை மூடிவிட்டால் என்ன? மூடுவது என்றால் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஒரே நாளில் பஸ்ஸிலும் ரயிலிலும் ஏறுவார்கள். அவர்களில் சிலருக்குள் இன்னும் தெரியாத கிருமி இருக்கும். அது வீட்டில் அம்மம்மாவிடம் போய்ச் சேரும். சாதாரணக் கடுமையுள்ள இன்புளுவென்சாவுக்கு மூடாமல், நோயாளிகளைப் பிரித்து வைத்துப் பார்ப்பதே மேல். பல பேருக்கு மூச்சுத் திணறி வைத்தியசாலை நிரம்பும் அளவு கடுமை என்றால் கதை வேறு. 2020 மார்ச்சில், வெளிநாட்டிலிருந்து வந்தவர்களைத் தனிமைப்படுத்தப் புனாணையிலுள்ள பெரிய வளாகக் கட்டடத்தையே எடுத்துக்கொள்ள வேண்டியிருந்ததை இங்கே எல்லாரும் பார்த்தோம். எந்த அளவைத் தாண்டினால் மூடுவது, யார் தீர்மானிப்பது, மூடினாலும் போக வழியில்லாத மாணவர் எங்கே தங்குவது என்பதை உபவேந்தரும் சுகாதார வைத்திய அதிகாரியும் அமைதியான ஒரு மாதத்தில் பேசி முடிக்க வேண்டும்.

அந்த மாதம் ஆவணி அல்லது புரட்டாதி. மழைக்கு முன் கூரை பார்க்கிறோம், வடிகான் வெட்டுகிறோம், பெரும்போகத்துக்கு வயல் திருத்துகிறோம். அந்த வரிசையில் இதற்கும் ஒரு பின்னேரம் ஒதுக்கலாம். இரண்டு பக்கம் போதும்: காய்ச்சல் அறை எது, திறப்பு யாரிடம், பார்சல் யார், படிவம் எங்கே, இரவில் வாகனம் எது, தொலைபேசி எண்கள். அறை அலுமாரியில் இரண்டு வெப்பமானி, பரசிற்றமோல், ஜீவனி, முகக்கவசம், சவர்க்காரம், மூடியுள்ள குப்பைக் கூடை இரண்டு.

பரவல் முடிந்து கடைசிப் பிள்ளை தன் அறைக்குத் திரும்பியதும் மெத்தைகளை வெயிலில் போடுங்கள், படுக்கை விரிப்புகளைச் சவர்க்காரம் போட்டுத் துவையுங்கள். பிறகு கொப்பியைத் திறந்து, மொத்தம் எத்தனை பேர் படுத்தார்கள், எத்தனை பார்சல் போனது, எது கிடைக்காமல் திண்டாடினோம் என்று ஒரு பக்கம் எழுதி, அடுத்த உப காப்பாளர் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். நான் அந்த விடுதியை விட்டு வரும்போது அப்படி ஒரு பக்கம் எழுதினேன். இரண்டாம் மாடியில் லேப்புக்குப் போன அந்தப் பிள்ளையும் பக்கத்தில் இருந்து எண்ணிச் சொன்னாள்.